இடது என்று எழுதியிருந்த மூடி

எங்கள் சபையில் வருடா வருடம், எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை அன்று கறிக்குழம்பு வாளியை என் வீட்டுக்காரர் கையில்தான் கொடுப்பார்கள். முதல் இலையில் எத்தனை துண்டு விழுந்ததோ அத்தனைதான் கடைசி இலையிலும் விழும். ஆயர் என்றும் பார்க்க மாட்டார், சொந்த மச்சினன் என்றும் பார்க்க மாட்டார். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரண்டு தம்ளரில் காபி ஊற்றினால்கூட, குனிந்து கண்ணை இடுக்கி, இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒன்றை என் பக்கம் நகர்த்துவார். அதற்குள் காபி ஆறிவிடும். நான் கத்துவேன்.

கத்துவது என் சுபாவம். பரவையில் ஒரு மிஷன் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். நான் பாடம் நடத்தினால் திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்களும் பாஸாகிவிடுவார்கள் என்று பிள்ளைகள் கேலி பேசுவது எனக்குத் தெரியும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததில் அவருடைய சமம் பார்க்கிற குணத்துக்கும் பங்கு உண்டு, என் வாய்க்கும் பங்கு உண்டு.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கும்போது, குளிக்கும் நேரத்தில் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலியில்லை. தொட்டால் நழுவியது. நாங்கள் குடியிருக்கும் சமயநல்லூரிலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருக்கிறது. அங்கே போனபோது ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேனில், நான் கவனிக்காத இன்னொன்று வலது பக்கமும் இருந்தது. இரண்டும் நெல்லிக்காய் அளவு, இரண்டுக்கும் ஓரம் வழவழப்பு. ஓரம் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, இருந்தாலும் ஊசியில் கொஞ்சம் செல்லை உறிஞ்சிப் பார்த்துவிடலாம் என்றார் சர்ஜன்.

அதற்காகச் சிம்மக்கல்லில் இருக்கும் ஒரு லேபுக்குப் போனோம். அங்கிருந்த டெக்னீஷியன் பெண் என்னைப் படுக்கவைத்து, ஊசி எடுப்பதற்கு முன்னால், "இப்ப எடுக்கப் போறது எந்தப் பக்கம் டீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த கண்ணாடித் துண்டில் என்னவோ கீறிவிட்டு மறுபடியும் கேட்டார். அடுத்த பக்கத்துக்கும் இதே போல இரண்டு தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் முன்னால்தானே படுத்திருக்கிறேன், உனக்கு இடது வலது தெரியாதா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.

ஊசி பரிசோதனையில் ஒன்றும் நிச்சயமாகவில்லை. செல்கள் குறைவாக வந்திருக்கின்றன, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, கட்டிகளை எடுத்தே பார்ப்பது நல்லது என்று எழுதியிருந்தார்கள். சமயநல்லூரிலேயே ஒரு காலைப்பொழுதில் இரண்டையும் எடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் வெளியே நிற்கிற சொந்தக்காரரைக் கூப்பிட்டு, எடுத்த கட்டியைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டுவார்கள். பிறகு, சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்து, லேபில் சேர்த்துவிடுங்கள் என்பார்கள். லேபிலிருந்து சாயங்காலம் ஆள் வரும், காத்திருந்தால் அவரே கொண்டுபோவார். ஆனால் யாரும் காத்திருப்பதில்லை. வீட்டுப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்ததை முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்தனுப்ப மனசு வராது. என் வீட்டுக்காரருக்கும் வரவில்லை. இரண்டு பாட்டிலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு எட்டுப் போய்க் கொடுத்துட்டு வாரேன் என்று என்னிடம் சொல்லும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நான் அப்போது மயக்கம் தெளியாமல் கிடந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். சட்டை முழுக்க ஃபார்மலின் நெடி. பள்ளி ஆய்வகத்தில் தவளையும் கரப்பானும் ஊறுகிற அதே நெடி. வாந்தி வருகிறது, அந்தச் சட்டையைக் கழற்றி வெளியே போடுங்கள் என்று அரை மயக்கத்திலும் திட்டினேன். மறுபேச்சில்லாமல் போய்க் கழற்றினார்.

ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வலது பக்கத்துக் கட்டி சாதாரண நார்க்கட்டி, ஆபத்தில்லாதது. இடது பக்கத்தது புற்றுநோய்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இருபத்தாறு வருடமாகப் புற்றுநோய் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. காலைச் சுற்றிக்கொண்டிருந்த வீட்டுப் பூனையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நர்சிங் ஹோமுக்குப் போய், கட்டியை எடுத்தாகிவிட்டதே, பிறகு என்ன என்று சர்ஜனிடம் கேட்டேன். கட்டி வெளியே வந்துவிட்டது, ஆனால் அது இருந்த இடத்தைச் சுற்றி மிச்சம் இருக்கும், அதை விட்டுவைக்கக் கூடாது என்று சொல்லி, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த புற்றுநோய் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இடது மார்பை முழுதாக எடுத்துவிடலாம் என்று முடிவு சொன்னார். புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று சபையில் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசை எழுந்தபோது என் வீட்டுக்காரர் எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் திருவிருந்தைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போகக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது. கடவுள்மேல் கோபமாக்கும், என் பெண்டாட்டிக்கு ஏன் இப்படி என்று சண்டை போடுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சம்மதப் படிவம் வந்தது. என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று டாக்டரே படித்துக்காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்தது நெருங்கிய உறவினர் கையெழுத்து. தாளை அவர் முன்னால் வைத்தார்கள். ஸ்டோரில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்டே தேய்ந்த மனிதர். பேனாவைத் திறந்தார். 'இடது' என்ற வார்த்தையின்மேல் பேனா முனை நின்றது. பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். நோய் இருக்கிறது இடதுதானான்னு எனக்குத் தெரியல."

அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தாளைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

அன்று பாட்டில்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது பை நனைந்திருக்கிறது. ஒரு பாட்டில் ஒழுகியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னண்ணே நாத்தம் என்று கேட்க, கூச்சப்பட்டுப் பரவை மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். நிழற்குடைப் பெஞ்சில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, பாட்டில்களை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்றில் பாதி மருந்து காலி. கட்டியின் மேல்பாகம் வெளியே தெரிந்தது. மருந்தில் முங்கியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில், தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். இரண்டு மூடியையும் திறந்தார். நிறைந்திருந்த பாட்டிலிலிருந்து குறைந்த பாட்டிலுக்கு மருந்தை ஊற்றினார். குனிந்து, கண்ணை இடுக்கி, மட்டம் பார்த்து, சமமாக.

இரண்டு பாட்டிலின் மேலும் என் பெயர் இருந்தது. எந்தப் பக்கம் என்பதை மட்டும் நர்ஸ் அவசரத்தில் பிளாஸ்டர் துண்டில் எழுதி மூடியின் மேல் ஒட்டியிருந்தார். அந்த மூடிகள் செய்தித்தாளின் மேல் கிடந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு வெங்காய லாரி பின்னால் வர, தள்ளுங்கண்ணே தள்ளுங்கண்ணே என்று ஆட்கள் சத்தம் போட, இவர் செய்தித்தாளையும் மூடிகளையும் அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கூடவே சிம்மக்கல் பஸ்ஸும் வந்துவிட்டது. அவசரமாக மூடி, அழுத்தித் திருகி, ஏறிவிட்டார். பஸ் பாதி தூரம் போன பிறகுதான், எந்த மூடி எந்தப் பாட்டிலுடையது என்ற கேள்வியே அவருக்கு வந்திருக்கிறது. சரியாகத்தான் போட்டிருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லேபில் யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மூடியில் இருந்ததை அவர்கள் பதிவில் எழுதிக்கொண்டார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தார். டாக்டர் படிவத்தை மெதுவாக எடுத்து மடித்து வைத்துவிட்டு, நாளைக்கு ஆபரேஷன் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பத்து நாள் வாயைத் திறக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்களே என்று ஆரம்பித்தேன். "அது என்ன, அசனத்துல ஊத்துற குழம்பு வாளின்னு நெனச்சீங்களா?" என்று கத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் வந்து கதவைச் சாத்தினார். அவர் சுவர் ஓரமாக நின்றுகொண்டே இருந்தார்.

டாக்டர் நல்ல மனிதர். சமயநல்லூர் சர்ஜனுக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டார். இரண்டு கட்டியும் ஒன்றுபோலத்தான் இருந்தன, இரண்டும் சுலபமாக வந்துவிட்டன, பார்த்து வித்தியாசம் சொல்லும்படி எதுவும் இல்லை என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். தழும்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆறிக்கொண்டிருந்தது. சிம்மக்கல் லேபில் போய்ப் பேசிப் பாருங்கள், அவர்கள் கையில் ஏதாவது வழி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

தகவல் தெரிந்து ஓடிவந்த என் அக்கா, இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு, இந்த வயதில் உனக்கு எதற்கு என்றாள். அவள் பாசத்தில் சொன்னாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டால், கால் விரலும்தான் எதற்கு. என் உடம்பில் ஒரு தப்பும் செய்யாத பாகம் ஒன்று இருக்கிறது. அது எது என்று தெரியாத காரணத்தால் அதையும் வெட்டிப் போட நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். அதே சமயம், தப்பான பக்கத்தை எடுத்துவிட்டு நோயை உள்ளேயே வைத்துக்கொண்டு ஊருக்கு நலம் என்று சொல்லித் திரியவும் முடியாது. இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் சிம்மக்கல் லேபுக்குப் போனோம். அங்கே திசுக்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை சொன்னார். அவர் முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்து, இதில் என்ன கஷ்டம், டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமே என்றேன். விலங்கியல் டீச்சர் என்ற திமிர்தான்.

"டிஎன்ஏ டெஸ்ட், யாரோட சதைன்னு சொல்லும் டீச்சர். ரெண்டுமே உங்களோடதுதானே" என்றார் அவர்.

மூக்கு உடைந்தது. இருபத்தாறு வருடம் நடத்திய பாடம். உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே ஜீன் தொகுதி என்று நானே எத்தனை பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அவர் என்னை அப்படியே விட்டுவிடவில்லை. பொறுமையாக விளக்கினார். சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கட்டிக்கும் வித்தியாசம், எந்த ஜீன்கள் இருக்கின்றன என்பதைவிட எந்த ஜீன் வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது, எது அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பதில்தான் பெரிதும் தெரியும் என்றார். நார்க்கட்டியில், செல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துவைக்கிற ஜீன்கள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். போதும், இனிப் பெருகாதே என்று சொல்கிற ஜீன்களும் விழித்திருக்கும். அதனால்தான் அது வளர்ந்தாலும் தன் எல்லைக்குள் நிற்கிறது. புற்றில் அவற்றில் பல வாயடைத்துப் போகும். பெருகு பெருகு என்கிற ஜீன்கள் கத்த ஆரம்பிக்கும். எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. வருகைப் பதிவேட்டில் அதே ஐம்பது பெயர். ஒருநாள் வகுப்பு அமைதியாக இருக்கிறது, இன்னொரு நாள் அதே வகுப்பில் ஒன்று எழுந்து நின்று கத்தி மற்றதையெல்லாம் கெடுக்கிறது.

உங்கள் கட்டியில் கத்துவது எது என்று, பாட்டிலில் வந்ததைச் சோதித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. எல்லோர் உடம்பிலும் இருக்கிற ஜீன்தான், ஹெர்-டூ என்று பெயர், சாதாரணமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும், உங்களுக்கு ஒரு கட்டியில் மட்டும் அது ஊரைக் கூட்டுகிறது. ஊரைக் கூட்டுகிறது என்றதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்ததை நான் கவனித்தேன். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஜீன் போடுகிற சத்தம் ஒரு புரதமாகச் செல்லின் மேல்தோலில் வந்து உட்கார்ந்திருக்கும், அதற்கென்று ஒரு சாயம் இருக்கிறது, புரதம் நிறைய இருந்தால் பழுப்பு நிறம் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது என்று சொல்லிவிட்டு, டெக்னீஷியனைக் கூப்பிட்டு, என் கண்ணாடித் துண்டுகளை எடுத்துவரச் சொன்னார். பாட்டிலில் வந்த கட்டிகளை வைத்து இனிப் பக்கம் சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஊசியில் எடுத்த செல்கள் கண்ணாடியில் இருக்கின்றன. அவை பஸ்ஸில் போகவில்லை. என் உடம்பிலிருந்து நேரே கண்ணாடிக்கு வந்தவை.

டெக்னீஷியன் பெண் இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து வந்தார். அன்று நான் இடது வலது தெரியாதா என்று கேட்ட அதே பெண். கண்ணாடியின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வைரமுனைப் பேனாவால் ஒன்றில் வலது என்பதற்கு ஆர், மற்றதில் இடது என்பதற்கு எல். கண்ணாடியிலேயே கீறியது, அழியாது.

"பேப்பர் ஒட்டுனா சாயத்துல ஊறி உரிஞ்சிரும் டீச்சர். மார்க்கர் போட்டாலும் போயிரும். அதான் ஊசி குத்துறதுக்கு முந்தியே கீறிருவேன், உங்க வாயால ரெண்டு தடவ கேட்டுக்கிட்டு."

அன்னைக்கு உன்னைத் திட்டிட்டேன்மா, மனசுல வச்சுக்காத என்றேன். நான் மன்னிப்புக் கேட்டு என் வீட்டுக்காரர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்தப் பெண், தினமும் யாராவது திட்டத்தான் செய்வார்கள், அம்புட்டையும் மனசில் வைத்தால் வேலை ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் காரியம் அத்தனை சுலபமில்லை என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதலில் எடுத்தபோதே செல்கள் குறைவு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பார்க்கும்படியாக இருப்பது ஒரே ஒரு கண்ணாடி. மேலே ஒட்டியிருக்கிற மூடுகண்ணாடியை ஒரு திரவத்தில் ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும், அதற்கே ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். பிறகு பழைய சாயத்தை எடுக்க வேண்டும், புதுச் சாயம் ஏற்ற வேண்டும். இதில் எந்த இடத்திலும் செல்கள் கழுவிக்கொண்டு போய்விடலாம். போனால் போனதுதான், இன்னொரு கண்ணாடி கிடையாது. போய்விட்டால் பிறகு இரண்டு மார்பையும் எடுப்பதா என்று ஆஸ்பத்திரியில் பேச வேண்டிவரும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது, செய்யுங்கள் என்றேன்.

மூன்று நாள் காத்திருந்தோம். நான் பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். வீட்டில் அவரோடு பேசவில்லை. அவர் காலையில் காபி போட்டு மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். நானும் எடுத்துக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். பேசாமல் இருப்பது எனக்கு எத்தனை கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். குழாயடியில் நின்றுகொண்டு, உறிஞ்சி எடுத்த அந்தக் கொஞ்சம் செல்கள் கண்ணாடியை விட்டுப் போய்விடக் கூடாது என்று ஜெபம் பண்ணினேன். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் குழாயை இறுக்கி மூடுவேன்.

நான்காம் நாள் மத்தியானம் போன் வந்தது. கண்ணாடிகள் தயார், வந்து பாருங்கள் என்றார்கள். ரிசல்ட் என்ன என்று கேட்டேன். டாக்டரம்மா நேரில் சொல்வார் என்று வைத்துவிட்டார்கள். ஆட்டோ பிடித்துப் போனோம். வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மாவின் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற வசதி இருந்தது. நீங்களே பாருங்கள் டீச்சர் என்று என்னை எதிரில் உட்காரவைத்தார். முதலில் எல் என்று கீறிய கண்ணாடி. செல்கள் போயிருக்கவில்லை. சின்னக் கூட்டமாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, வெளிர் நீலமாக இருந்தன. பழுப்பு எங்கேயும் இல்லை. பிறகு ஆர் என்று கீறியது. அதில் பத்துப் பதினைந்து கூட்டங்களே மிஞ்சியிருந்தன. ஆனால் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்பு வளையம், மேசையில் காபித் தம்ளர் வைத்து எடுத்த இடத்தில் விழுமே, அதைப் போல. பாடப் புத்தகத்துப் படத்தில்கூட அத்தனை தெளிவாக நான் பார்த்ததில்லை.

நோய் இருந்தது வலது பக்கம். இடது பக்கம் இருந்தது நார்க்கட்டி. மூடிகள் மாறித்தான் போயிருந்தன.

நான் கண்ணை எடுக்காமல் அந்தப் பழுப்பு வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை ஆபரேஷன் நடந்திருந்தால், ஒரு குற்றமும் இல்லாத இடது மார்பை எடுத்துத் தைத்து, வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஜெபக்கூட்டம் வைத்து நன்றி சொல்லியிருப்போம். வலது பக்கம் இந்த வளையங்கள் பெருகிக்கொண்டே இருந்திருக்கும். சாதாரணக் கட்டிதானே எடுத்தார்கள் என்று அந்தப் பக்கத்தை யாரும் சீக்கிரத்தில் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"அப்ப, மாத்தித்தான் போட்டுருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். நாலைந்து நாளாக மனசுக்குள் சேர்த்துவைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதுகிற சாக்கில் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அந்த நாகரிகத்துக்கும் சேர்த்துத்தான் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் வலது பக்கம் ஆபரேஷன் நடந்தது. படுக்கவைப்பதற்கு முன்னால் டாக்டரே வந்து, என்னிடமும் அவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, தோலில் பேனாவால் அம்புக்குறி போட்டார். எடுத்த திசுவில், கட்டி இருந்த இடத்தின் ஓரத்தில், நோய் கொஞ்சம் மிச்சம் இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாயில் புண் வந்தது. இதையெல்லாம் அனுபவித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கத்துகிற அந்த ஜீனின் வாயை அடைக்கவே தனியாக ஓர் ஊசி இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒன்று என்று ஒரு வருடம் போட்டார்கள். முன்பெல்லாம் இந்த வகை என்றால் டாக்டர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். யாரோ எங்கோ உட்கார்ந்து, நல்ல கட்டி என்ன பேசுகிறது, கெட்ட கட்டி என்ன பேசுகிறது என்று வருடக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்டதால்தான் எனக்கு அந்த ஊசி கிடைத்தது. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. ஜெபத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது மறுபடியும் பள்ளிக்குப் போகிறேன். மரபணு வெளிப்பாடு என்ற பாடம் வந்தால் முன்பைவிட மெதுவாக நடத்துகிறேன். பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்டால் கடிப்பதில்லை, அல்லது முன்னளவுக்குக் கடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் பார்க்க வருகிற எல்லோரிடமும், கேட்காமலே, நான்தான் மூடியை மாற்றிப் போட்டவன் என்று சொல்லிவிடுவார். அக்கா மட்டும் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வாள். நானும் அதையேதான் நினைக்கிறேன், வேறு அர்த்தத்தில். மூடியை மாற்றிப் போட அரை நிமிஷம் போதும், யாருக்கும் நடக்கும். அந்தப் படிவத்தின் முன்னால் பேனாவை மூடி வைக்க எத்தனை பேருக்கு வரும்? அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசி ஊசிக்குப் போன அன்று, சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். பத்து நாள் சொல்லாதவர் அன்றைக்கு மட்டும் எப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் என் போர்வையை இழுத்துச் சரி செய்துகொண்டே சொன்னார்.

"சொன்னா நீ திட்டுவன்னுதான் அம்புட்டு நாளும் பயந்துக்கிட்டு இருந்தேன். அந்தத் தாளைப் பாத்ததும் தோணுச்சு, திட்டுறதுக்கு நீ இருக்கணும்ல."